இருபதாம் தேதிப் பசி

திருப்பூரில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் பதினான்கு ஆண்டுகளாகக் கணக்கு வேலை பார்த்துவருகிறேன். பனியன் கம்பெனிகள், நிட்டிங் யூனிட்கள், வீட்டு மாடியில் நான்கு பவர்டேபிள் தையல் மெஷின் போட்டு ஜாப் ஒர்க் செய்பவர்கள் என்று முப்பத்தெட்டுப் பேருடைய ஜி.எஸ்.டி. கணக்குகள் என் பொறுப்பில் இருக்கின்றன. சென்ற ஆண்டின் தொடக்கத்தில் என் எடை 76 கிலோ; உயரம் 157 சென்டிமீட்டர். இந்தியர்களுக்கு உடல் நிறை எண் 23-ஐத் தாண்டினாலே அதிக எடை என்றும், 25-ஐத் தாண்டினால் உடல் பருமன் என்றும் கணக்கிடுகிறார்கள். என்னுடையது 30.8 ஆக இருந்தது. மூன்று மாதச் சர்க்கரை அளவைக் காட்டும் பரிசோதனையில் 6.1 சதவீதம் வந்தது. 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை என்பதால், எடையைக் குறைத்தே ஆகவேண்டும் என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

பகல் நேரத்தில் எனக்கு எந்தச் சிரமமும் இருக்கவில்லை. காலையில் இரண்டு இட்லி, மதியம் ஒரு கிண்ணம் சோறும் இரண்டு கிண்ணம் காயும், மாலையில் சர்க்கரை போடாத டீ, இரவில் ஒரே ஒரு சப்பாத்தி என்று, டயட்டீஷியன் (உணவு ஆலோசகர்) கொடுத்த 1,200 கலோரித் தாளை ஒரு வரி மீறாமல் பின்பற்றினேன். அலுவலகத்துக்குக் கீழேயே பேக்கரி இருக்கிறது. நான்கு மணிக்குத் தேங்காய் பன்னும் பப்ஸும் மாடிப்படி ஏறி வரும்போதுகூட நான் கை நீட்டியதில்லை. ஆனால் மாதத்தில் சில இரவுகளில், பதினொன்றரை மணிக்கு மேல், லேப்டாப்பை மூடிவிட்டு அடுக்களைக்குள் போனால் நான் வேறொருத்தியாக மாறிவிடுவேன். விளக்கைப் போடாமல், மிக்சர் டப்பாவின் மூடி சத்தம் போடாதபடி திருகித் திறந்து, நின்றபடியே கைப்பிடி கைப்பிடியாக அள்ளிச் சாப்பிடுவேன். அதன் காரமோ உப்போ நாக்கில் தெரிந்ததாக நினைவில்லை. 300 கிராம் பாக்கெட் முடிந்த பிறகு, பையனுக்காக வைத்திருக்கும் பிஸ்கெட். அதுவும் முடிந்தால் ஃபிரிட்ஜில் இருக்கும் பழைய சோற்றில் சர்க்கரையைத் தூவி இரண்டு கரண்டி. மிக்சர் 100 கிராமில் 500 கலோரிக்கு மேல் இருக்கிறது என்பதைக் கணக்கு வேலை பார்க்கும் எனக்கு யாரும் பெருக்கிக் காட்டவேண்டியதில்லை. பகல் முழுவதும் சேர்த்துச் சாப்பிட்டதைவிட அதிகமான உணவு இருபது நிமிடத்தில் உள்ளே போயிருக்கும்.

மூன்று மாதங்கள் இதை யாரிடமும் சொல்லவில்லை. நாக்கை அடக்கத் தெரியாதவள் என்று என்னையே நான் திட்டிக்கொண்டதுதான் மிச்சம். நான்காவது மாதத்தில், சாப்பிடுவதை நோட்டில் எழுதும்படி டயட்டீஷியன் சொன்னபோது, சாப்பிட்ட பொருளோடு நேரத்தையும், அதற்கு ஒரு மணி நேரம் முன்பு என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதையும் சேர்த்து எழுதினேன். முந்தைய மாதங்களில் நடந்தவற்றையும், மறுநாள் காலையில் காலியான பாக்கெட்டைப் பார்த்த நினைவைக்கொண்டு முடிந்தவரை தேதியிட்டுக் குறித்தேன். எல்லாவற்றையும் வரிசைப்படுத்திப் பார்த்த அன்று எனக்குச் சிறிது நேரம் பேச்சே வரவில்லை. இருபத்தாறு இரவுகளில் பத்தொன்பது இரவுகள் 14-ஆம் தேதிக்கும் 20-ஆம் தேதிக்கும் இடையில் இருந்தன. மீதியிலும் பெரும்பகுதி 10, 11 தேதிகளில் வந்தது.

கணக்கு வேலையில் இருப்பவர்களுக்கு இந்தத் தேதிகளின் பொருள் உடனே விளங்கும். 7-ஆம் தேதி டி.டி.எஸ். என்ற பிடித்தம் செய்த வரியைக் கட்டவேண்டும், 11-ஆம் தேதி விற்பனை விவரம் தரும் ஜி.எஸ்.டி.ஆர். 1, 15-ஆம் தேதி பி.எஃப்., இ.எஸ்.ஐ., 20-ஆம் தேதி மாத வரியைக் கணக்கிட்டுக் கட்டும் 3பி ரிட்டர்ன். இவற்றில் 14-ஆம் தேதி வெளியாகும், விற்றவர்கள் பதிவேற்றிய பில்களைக் காட்டும் 2பி பட்டியலையும் வாடிக்கையாளர் தந்த கொள்முதல் பில்களையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, எவ்வளவு இன்புட் (கொள்முதலில் ஏற்கெனவே கட்டிய வரிக்கான கழிவு) எடுக்கலாம் என்று முடிவுசெய்யும் அந்த ஆறு நாட்கள்தான் மிகக் கடினமானவை. நூல் வாங்கிய பில் இருக்கும், நூல்மில்காரர் பதிவேற்றியிருக்கமாட்டார். அவர் பதிவேற்றியிருந்தால் எண்ணில் ஓர் இலக்கம் மாறியிருக்கும். தாமதமானால் நாளுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. அது வாடிக்கையாளர் தலையில் விழும். அவருடைய கோபம் என் தலையில் விழும். எனக்கு வந்த பசி நாக்கில் தொடங்கவே இல்லை, நாட்காட்டியில்தான் தொடங்கியது என்பதை அந்த நோட்டு இல்லாமல் நான் கண்டுபிடித்திருக்க முடியாது. எடை குறைப்பவர்களிடம் நோட்டு எழுதச் சொல்வது வெறும் சடங்கு என்று நினைத்திருந்தேன். ஏறத்தாழ 1,700 பேரைக் கொண்டு அமெரிக்காவில் நடத்தி 2008-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், தினமும் எழுதியவர்கள் எழுதாதவர்களைவிட இரண்டு மடங்கு எடை குறைத்திருந்தார்கள் என்று பின்னர் படித்தேன்.

பதற்றம் வந்தால் சிலருக்குச் சோறே இறங்காது. என் கணவர் அப்படிப்பட்டவர். அப்படியிருக்க எனக்கு மட்டும் ஏன் இப்படி என்ற கேள்வி நெடுநாள் இருந்தது. திடீரென்று வரும் அதிர்ச்சியில் அட்ரினலின் சுரந்து பசியை அமுக்கிவிடுகிறது. நம் மேல் வாகனம் மோத வருவதுபோன்ற தருணத்தில் யாருக்கும் பசிக்காது. ஆனால் அழுத்தம் நாள்கணக்கில் நீளும்போது சிறுநீரகங்களுக்கு மேலே இருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் கார்ட்டிசால் என்ற ஹார்மோனைத் தொடர்ந்து சுரக்கின்றன. அது பசியைத் தூண்டுகிறது. அதிலும் எண்ணெயும் சர்க்கரையும் நிறைந்த பண்டங்களின் மீதே ஆசையைத் திருப்புகிறது. அவற்றைச் சாப்பிட்டதும் கொஞ்ச நேரம் மனம் அடங்குவதும் உண்மைதான் என்பதால், அடுத்த பதற்றத்தில் மூளை அதே டப்பாவை நினைவூட்டுகிறது. இதோடு தூக்கமும் சேர்ந்துகொள்கிறது. சிகாகோவில் பன்னிரண்டு ஆரோக்கியமான இளைஞர்களை இரண்டு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டும் தூங்கவைத்துப் பார்த்து 2004-இல் வெளியிட்ட ஆய்வில், பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் 28 சதவீதம் கூடியும், வயிறு நிறைந்ததை உணர்த்தும் லெப்டின் 18 சதவீதம் குறைந்தும் இருந்தன. 18, 19, 20 தேதிகளில் என் தூக்கமும் நான்கு மணி நேரம்தான்.

இதைவிட எனக்கு வலித்த உண்மை, நான் பெருமையாகக் கடைப்பிடித்த பகல்நேரப் பட்டினியும் இதற்குக் காரணமாக இருந்தது என்பது. இரண்டாம் உலகப் போரின் இறுதியில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற அறிவியலாளர், முன்வந்த 36 ஆண்களுக்கு ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டு ஆராய்ந்தார். அவர்களுக்குத் தந்தது நாளொன்றுக்கு ஏறக்குறைய 1,570 கலோரி. மனநலத்தில் குறையொன்றும் இல்லாத அந்த இளைஞர்கள் சமையல் குறிப்புகளைச் சேகரிக்கத் தொடங்கினார்கள், உணவைத் தவிர வேறெதையும் நினைக்க முடியாமல் தவித்தார்கள், பட்டினி முடிந்த பிறகும் வாரக்கணக்கில் வயிறு முட்ட உண்டும் அடங்காத பசியோடு இருந்தார்கள். அவர்கள் உடலுழைப்பு அதிகம் இருந்த ஆண்கள், நான் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கும் பெண் என்ற வேறுபாடு இருக்கிறது. ஆனாலும் 1,200 கலோரியில் நாளை ஓட்டிவிட்டு, இரவு பதினொரு மணிக்கு மனவுறுதி இல்லையென்று என்னைக் குற்றம் சாட்டியது நியாயமில்லை என்று இப்போது உறுதியாக நினைக்கிறேன்.

ஒரு கைப்பிடியில் ஏன் நிற்கவில்லை என்பதற்கும் விளக்கம் கிடைத்தது. உணவைக் கட்டுப்படுத்துபவர்களுக்கு முதலில் மில்க் ஷேக் கொடுத்துவிட்டுப் பிறகு ஐஸ்கிரீம் தந்தால், மில்க் ஷேக் குடிக்காதவர்களைவிட அதிகமாக ஐஸ்கிரீம் சாப்பிட்டார்கள் என்று 1975-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. விதி ஒருமுறை உடைந்துவிட்டால், இனி இன்றைய நாள் போனதுதான் என்று மனம் முடிவுகட்டிவிடுகிறது. முழுக்க நனைந்த பிறகு முக்காடு எதற்கு என்று நம் ஊரில் சொல்வதும் இதைத்தான். என் தாளில் மிக்சர் தடைசெய்யப்பட்டிருந்ததால், முதல் கைப்பிடிக்கும் முந்நூறாவது கிராமுக்கும் என் கணக்கில் வேறுபாடே இல்லாமல் போய்விட்டது.

மறுநாள் காலையில் எடை மெஷின் மீது ஏறுவதுதான் இந்தச் சுழற்சியின் கொடிய பகுதி. 21-ஆம் தேதி காலையில் ஒன்றரைக் கிலோ கூடியிருக்கும். ஒரு கிலோ கொழுப்பு சேர ஏறக்குறைய 7,700 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டிருக்கவேண்டும். ஒரே இரவில் அது நடக்காது. உப்பு நீரைப் பிடித்துவைக்கிறது; மாவுச்சத்து உடலில் கிளைக்கோஜனாகச் சேமிக்கப்படும்போது ஒவ்வொரு கிராமும் தன்னோடு சுமார் மூன்று கிராம் நீரைச் சேர்த்துவைக்கிறது. கூடிய எடையில் பெரும்பங்கு நீர்தான். மூன்று நான்கு நாட்களில் இறங்கிவிடும். இது தெரியாமல், அந்த எண்ணைப் பார்த்துப் பயந்து காலை உணவையும் மதிய உணவையும் தவிர்த்து, மாலையில் கை நடுங்கி, அன்றிரவே மறுபடியும் டப்பாவிடம் போயிருக்கிறேன். இப்போது ஒவ்வொரு மாதமும் 14 முதல் 24 வரை எடை மெஷினைப் பரணில் ஏற்றி வைத்துவிடுகிறேன்.

வீட்டில் நொறுக்குத்தீனியே இல்லாமல் செய்துபார்த்தேன். பொரிகடலையையும் வெல்லத்தையும் சேர்த்துச் சாப்பிட்டேன். வெந்நீர் குடித்தேன். காலை பதினொரு மணிவரை ஒன்றும் சாப்பிடாத விரதமுறையையும் முயன்றேன். அது சிலருக்கு ஒத்துவருகிறது, எனக்கு இரவுப் பசியை இன்னும் மோசமாக்கியது.

மாற்றம் நான் எதிர்பாராத இடத்திலிருந்து தொடங்கியது. ஒரு காலையில் நான் டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தபோது அத்தை அருகில் வந்து, "அம்மிணி, ராத்திரி நீ எந்திரிச்சு திங்கறது எனக்குத் தெரியும். பசிச்சா லைட்டைப் போட்டு, உக்காந்து தின்னு கண்ணு. எதுக்கு நின்னுக்கிட்டுத் திங்கற?" என்றார். அவர் குரலில் கண்டிப்பு இல்லை. எத்தனை மாதங்களாகத் தெரியும் என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. அன்று அலுவலகத்துக்குப் போகும் வழியில் ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்தி அழுதேன். அந்த வாரத்திலிருந்து அவர் சொன்னதையே விதியாக்கிக்கொண்டேன்: எந்த நேரத்திலும் எதை வேண்டுமானாலும் சாப்பிடலாம், ஆனால் விளக்கைப் போடவேண்டும், தட்டில் எடுத்துவைக்கவேண்டும், உட்காரவேண்டும். தடையை எடுத்துவிட்டால் அளவே இருக்காது என்று அஞ்சினேன். நடந்தது வேறு. தட்டில் இரண்டு கைப்பிடி மிக்சரை வைத்து வெளிச்சத்தில் உட்கார்ந்தபோது, முதல் வாயிலேயே அதன் எண்ணெய் கசந்திருப்பது தெரிந்தது. பல இரவுகளில் பாதியிலேயே தட்டைத் தள்ளிவைக்க முடிந்தது. முடியாத இரவுகளும் இருந்தன.

அடுத்ததாக, 1,200 கலோரித் தாளை டயட்டீஷியனிடம் திருப்பிக் கொடுத்தேன். நடந்ததையெல்லாம் மறைக்காமல் சொன்ன பிறகு அவரே 1,500-க்கு மாற்றினார். கூட்டிய கலோரி பெரும்பாலும் மாலை ஐந்தரை மணிக்குப் போனது. கொள்ளுச் சுண்டல் அல்லது கொண்டைக்கடலைச் சுண்டல் ஒரு கிண்ணம், இல்லையென்றால் இரண்டு அவித்த முட்டை, கூடவே ஒரு கொய்யாப்பழம். இரவு எட்டரைக்கு அரிசிம்பருப்புச் சோறு ஒரு கிண்ணம், மேலே ஒரு கரண்டி நெய். கொங்குநாட்டில் பிறந்த எனக்கு ஒற்றைச் சப்பாத்தி ஒருநாளும் சாப்பிட்ட நிறைவைத் தந்ததில்லை. அதைச் சொல்லவே மூன்று மாதம் தயங்கியிருக்கிறேன். புரதமும் நார்ச்சத்தும் வயிற்றில் நெடுநேரம் நிற்பதால் பதினொரு மணிக்கு வரும் இழுப்பில் வயிற்றுப் பசியின் பங்கு போய்விட்டது. மிஞ்சியது பயத்தின் பங்கு.

அந்தப் பயத்தை நேராகப் பார்க்க எனக்கு நாளானது. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு வாடிக்கையாளருக்கு எடுக்கக்கூடாத இன்புட்டை எடுத்து 3பி போட்டுவிட்டேன். நோட்டீஸ் வந்தது, வட்டியோடு திருப்பிக் கட்டவேண்டியிருந்தது. அவர் அலுவலகத்துக்கு வந்து எல்லோர் முன்னிலையிலும் என்னைக் கேட்ட கேள்விகள் இன்னும் காதில் இருக்கின்றன. அதன்பிறகு ஒவ்வொரு 20-ஆம் தேதியும் நான் ஒவ்வோர் எண்ணையும் மூன்று முறை, நான்கு முறை சரிபார்த்தேன். ரிட்டர்ன் போட்டு முடித்த பிறகும் படுக்கையில் எண்கள் ஓடும். அந்த நிலையில் அடுக்களை இருட்டில் நின்ற இருபது நிமிடம்தான், யாரும் என்னிடம் எதுவும் கேட்காத, நான் யாருக்கும் பதில் சொல்லவேண்டாத நேரம். அதை இழக்க மனம் ஒப்பாததும் நான் டப்பாவை விடாததற்கு ஒரு காரணம். ஆகவே சாப்பாட்டை மட்டும் எடுத்துவிட்டு அந்த நேரத்தைத் திரும்பத் தராவிட்டால் எந்த டயட்டும் நிற்காது என்று முடிவுக்கு வந்தேன்.

எங்கள் ஆடிட்டரிடம் போய், வேலையின் பகிர்வை மாற்றவேண்டும் என்று கேட்டேன். எடையைப் பற்றி அவரிடம் பேசவில்லை. தவறு நேரும் அபாயத்தைப் பற்றித்தான் பேசினேன். ஆண்டு விற்பனை ஐந்து கோடி ரூபாய் வரை உள்ளவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடும் ஏற்பாடு 2021 ஜனவரியிலிருந்தே இருக்கிறது. முதல் இரண்டு மாதங்களுக்கு 25-ஆம் தேதிக்குள் வரியைக் கட்டினால் போதும். பழக்கம் காரணமாக மாதந்தோறும் போட்டுவந்த சிறு யூனிட்களில் பதினொருவரை அதற்கு மாற்றினோம். மற்றவர்களிடம் கொள்முதல் பில்களை 5-ஆம் தேதிக்குள் வாட்ஸ்அப்பில் அனுப்பக் கேட்டு, 12-ஆம் தேதிக்குள் டேலி என்ற கணக்கு மென்பொருளில் பதிந்துவிடுகிறோம். பெரிய தொகைகளை நான் சரிபார்த்த பிறகு இன்னொருவர் ஒருமுறை பார்க்கிறார். அதற்குமேல் நான் திறப்பதில்லை. எடை குறைப்பு பற்றிய பேச்சில் இதெல்லாம் எதற்கு என்று தோன்றலாம். என் அனுபவத்தில், நான் செய்த எல்லா உணவு மாற்றங்களையும்விட எனக்குப் பயன்பட்டது இதுதான்.

இரவில் வேலை முடிந்ததும் மொட்டை மாடிக்குப் போய்ப் பத்து நிமிடம் நடக்கிறேன். கணவரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டதால் அவர் அந்தப் பத்து நிமிடத்தில் என்னை எதற்கும் கூப்பிடுவதில்லை. பையனையும் மேலே விடுவதில்லை. சாப்பிடவேண்டும் என்ற உந்துதல் அலைபோல ஏறி, உச்சிக்குப் போய், தானாக இறங்கக்கூடியது என்று படித்தபோது நம்பவில்லை. கைப்பேசியில் நேரம் பார்த்து நடந்த பிறகு நம்பினேன். எனக்கு அது பெரும்பாலும் பதினைந்து நிமிடத்துக்குள் தணிகிறது. தணியாவிட்டால் கீழே வந்து, விளக்கைப் போட்டு, தட்டோடு உட்காருகிறேன்.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லவேண்டும். கட்டுப்பாடே இல்லாமல் பெருமளவு உண்பது வாரத்துக்கு ஒருமுறையாவது மூன்று மாதம் தொடர்ந்தால், அதை மனநல மருத்துவம் ஒரு நோயாக 2013-லிருந்து தனியே வகைப்படுத்தியிருக்கிறது; அதற்குச் சிகிச்சை உண்டு. சாப்பிட்ட பிறகு வாந்தி எடுக்கத் தோன்றினாலோ, வாழ்க்கையே வெறுத்துப்போனாலோ டயட் தாளோடு போராடிக்கொண்டிருக்கவேண்டாம். டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416. இலவசம், தமிழில் பேசலாம். நான் அழைத்திருக்கிறேன். மறுமுனையில் இருந்த பெண் என் எடையைக் கேட்கவே இல்லை, எத்தனை மணி நேரம் தூங்குகிறேன் என்றுதான் முதலில் கேட்டார்.

பதின்மூன்று மாதங்கள் ஆகின்றன. எடை இப்போது 69.6 கிலோ, சர்க்கரை அளவு 5.8. தெரிந்தவர்கள் ஆறு மாதத்தில் பதினைந்து கிலோ குறைத்த கதைகளைச் சொல்லும்போது மனம் சற்றுச் சுருங்கத்தான் செய்கிறது. நோட்டை இன்னும் எழுதுகிறேன். சென்ற மாதம் 14-க்கும் 20-க்கும் இடையில் இரண்டு இரவுகள் குறித்திருக்கிறேன். ஒன்று, நூல்மில்காரர் ஒருவர் பில்லை ரத்துசெய்த 18-ஆம் தேதி. நின்றபடியே சாப்பிட்டேன், விளக்கையும் போடவில்லை. மறுநாள் காலையில் வழக்கம்போல் இரண்டு இட்லியும் சட்னியும் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போனேன். இன்னொன்று 20-ஆம் தேதி இரவு. கடைசி ரிட்டர்ன் போட்டபோது பத்தேமுக்கால் மணி. மாடிக்குப் போகாமல் நேராக அடுக்களைக்கு வந்தேன். அங்கே அத்தை விளக்கைப் போட்டுவிட்டு, தட்டில் கொஞ்சம் மிக்சரும் இரண்டு டம்ளர் மோரும் வைத்து உட்கார்ந்திருந்தார். இருவரும் சாப்பிட்டு முடித்து, தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டோம்.